கட்டிளையில் பிரிஜித்

பிரிஜித்துக்கு மூன்று வீடு இருக்கிறது என்று சொன்னவன் ஆட்டோ ஓட்டும் தீபு. அவன் கண்ணால் பார்த்ததில்லை. அவன் மைத்துனனோடு டைல்ஸ் ஒட்டப் போகிற ஒருவன் பார்த்தானாம். தனுவச்சபுரத்தில் ஒன்று, காரக்கோணம் போகிற வழியில் ஒன்று, பாறசாலை ரயில்வே கேட்டுக்கு அப்புறம் ஒன்று. மூன்றிலும் வாசல் நிலையின் தலைமாட்டில் சிவப்புப் பெயின்டில் அவள் பேர் பெரிதாக எழுதியிருக்கிறதாம். ஏழைகளுக்கு வீடு கட்டுகிறோம் என்று கடை நடத்துகிறார்கள், உள்ளே இருக்கிறவளோ மூன்றை வளைத்துப் போட்டுவிட்டு வாடகை அறையில் கிடக்கிறேன் என்று நடிக்கிறாள், இதுதான் காலம் என்று ஸ்டாண்டிலிருந்து கடை வாசல் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தவன், கடைசியில் "நான் சொன்னேன்னு சொல்லாண்டாம்" என்றும் சேர்த்துக்கொண்டான். சவாரி வந்தவள் அந்தக் கடையிலேயே பில் போடுகிற ஷிஜா. தீபுவுக்கு அது தெரியாததல்ல. போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரட்டும் என்றுதான் சொன்னான்.

ஷிஜா தோள்பையைக்கூட இறக்காமல் பின்கட்டுக்குப் போனாள். பிரிஜித் ஒரு ஜன்னல் சட்டத்தைக் காலால் மிதித்துப் பிடித்து ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒனக்கு மூணு வீடு உண்டாம்."

பிரிஜித் ஆணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மூணுலயும் கக்கூஸ் உண்டா?"

"அது சொல்லல்ல."

"கேட்டுட்டு வா. நான் தெனம் காலம்பற கோழிக்கடெக்காரனுக்கெ கக்கூஸுக்கு வரிசெ நிக்கியேன். சொந்தத்திலெ மூணு கெடக்குதுண்ணா ஒண்ணுக்காவது போயிட்டு வரலாமே."

சிரித்தாளே தவிர, ஆணி கோணலாகத்தான் வந்தது. ஏனென்றால் அந்த வாரம் ஐந்தாவது வீடு யாருக்கு என்று முடிவாகும் வாரம். பட்டியலில் முதல் பேர் அவளுடையது.

கடைக்கு வாசலில் மூன்று மொழியில் போர்டு உண்டு: ஒரு கூரை டிரஸ்ட், மறுபயன்பாட்டு மையம். ஊரில் அதைப் பழசுக்கடை என்பார்கள். முன்பு ரப்பர் ஷீட் அடுக்கி வைத்த கோடவுன் அது. மழைக்காலத்தில் இன்றைக்கும் அந்த வாடை எழும்பும். பழைய வீட்டை இடிக்கிறவர்கள் கதவு, ஜன்னல், ஓடு, வாஷ்பேசின், குளோசெட் எல்லாவற்றையும் இனாமாகக் கொடுப்பார்கள். கடை அதைத் துடைத்து, தேய்த்து, விற்று, வருகிற பணத்தில் வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டும். நல்ல காரியம். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல காரியம் செய்ய வருகிறவர்களைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

நெய்யாற்றின்கரையில் இரண்டு மாடி எழுப்புகிற ஒரு பெரிய மனிதர், பழைய வீட்டைக் கொடுத்தனுப்புகிறேன் என்று போனில் கண் கலங்கினார். லாரி வந்தது. உத்தரம், கதவு எல்லாம் வழியிலேயே எங்கோ இறங்கிவிட்டன. வந்து சேர்ந்தது பிளேடு இல்லாத மிக்சி ஜார் நான்கு, காலாவதியான இருமல் மருந்து அரைப்பெட்டி, அவருடைய மாமனாரின் வக்கீல் பெயர்ப்பலகை, ஒரு சாக்கு நிறைய செருப்பு. செருப்பில் ஜோடி சேர்ந்தது இரண்டு. பிரிஜித் சாக்கைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏழைக்கு ஒத்தக் காலாக்கும்ணு நெனச்சுட்டாரு போல."

வாங்க வருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. ஜன்னலைக் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்வார்கள். வாசல் நிலைக்கு, அதாவது ஊரில் கட்டிளை என்கிறார்களே அதற்கு, வந்ததும் முகம் மாறும். இது எந்த வீட்டுக் கட்டிளை, அங்கே யாராவது துர்மரணமாய்ப் போனார்களா என்று குரலைத் தாழ்த்துவார்கள்.

"செத்தவங்க ஒக்க வாசல் வழியாட்டு மட்டுமா போனாவ?" என்பாள் பிரிஜித். "ஜன்னலுக்குக் கேக்காத கேள்வி கட்டிளெக்கு என்னத்துக்கு?"

அவள் கடற்கரைக்காரி. அப்பன் வள்ளத்துக்கு மரம் பார்த்துக் கொடுக்கிறவர். மரத்தை முட்டியால் தட்டினால் உள்ளே வண்டு அரித்திருக்கிறதா என்று ஓசையிலேயே சொல்லிவிடுவார். அந்தக் காது இவளுக்கும் வந்திருந்தது. கணவன் கிரகோரி கொல்லம் பக்கம் போட்டில் வேலைக்குப் போனவன், அங்கேயே வேறொரு குடும்பத்தில் கரையேறிவிட்டான். அடுத்த வருடக் கடலேற்றத்தில் வீட்டின் அடுக்களை போயிற்று. மறுநாள் மிச்சமும் போயிற்று. பள்ளிக்கூடத்து முகாமில் நான்கு மாதம் இருந்துவிட்டு, மகள் டெல்னாவையும் கூட்டிக்கொண்டு பாறசாலைக்கு வந்து, கோழிக்கடைக்குப் பின்னால் ஒரு அறை பிடித்தாள். அந்த மாதமே பழசுக்கடையில் சேர்ந்தாள். கடை திறந்த முதல் நாளிலிருந்து இருக்கிறவள் அவள் ஒருத்திதான். ஆறு வருடம்.

பேர் எழுதும் வழக்கம் இரண்டாவது வருடத்தில் ஆரம்பித்தது. அவள் தட்டிப் பார்த்து நல்லது என்று ஒதுக்கி வைத்த கட்டிளை லாரி ஏறும். கட்டுமான இடத்தில் இறங்கும்போது கறையான் தின்ற வேறொன்று இறங்கும். வழியில் மாற்றுகிறவன் யாரென்று எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். சாக்கட்டியில் குறி போட்டாள், அழித்தார்கள். கடற்கரையில் துடுப்பிலும், வலையின் மிதவையிலும், ஐஸ் பெட்டியிலும் உடையவன் பேரை எழுதி வைப்பார்கள். கரையில் நூறு துடுப்பு கிடந்தாலும் கை மாறாது. ஒரு நாள் அவளும் சிவப்பு எனாமல் டப்பாவை உடைத்து, கட்டிளையின் மேல்சட்டத்தில் 'பிரிஜித்' என்று எழுதினாள். அதில் இன்னொரு வசதியும் இருந்தது. மரத்தின் வேர்ப்பக்கம் கீழே, தலைப்பக்கம் மேலே நிற்க வேண்டும் என்பது ஆசாரிமார் முறை. பழைய சட்டத்தில் எது வேர், எது தலை என்று எல்லாருக்கும் தெரிவதில்லை. பேர் நேராக நின்றால் கட்டிளை நேராக நிற்கிறது என்று அர்த்தம். அவ்வளவுதான் சங்கதி. வீடு முடிந்ததும் மேலே பெயின்ட் பூசிக்கொள்ளட்டும் என்றுதான் எழுதினாள். பூசவில்லை என்றால் அது அவள் குற்றமா?

டிரஸ்டின் செயலாளர் பரமசிவன். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் ஒரே நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றும் முதுகு அந்த நாற்காலியின் வளைவிலேயே நிற்கும். அவருக்கு மேலே வளைகுடா கிளை. இருநூற்றுச் சொச்சம் பேர் உள்ள வாட்ஸ்அப் குழு அது. இங்கே யாருக்குக் கூரை போடுவது என்று அபுதாபியில் குளிர்ந்த அறையில் இருந்தபடி கட்டைவிரலால் தீர்ப்புச் சொல்வார்கள். அதற்கு விண்ணப்பிக்கிறவர் இரண்டு நிமிட வீடியோவில் தன் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். முதல் வருடம் பிரிஜித்தும் பேசினாள். நடுவில் கோழிக்கடைப் பூனை ஒன்று அவள் மடியில் ஏற, சிரித்துவிட்டாள். கஷ்டப்படுகிறவள் மாதிரித் தெரியவில்லை என்று குழு கருதியது. தேம்பித் தேம்பி அழத் தெரிந்த ஒருவருக்கு முதல் வீடு போயிற்று. அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் பரமசிவன் ஒரே வாக்கியத்தை வைத்திருந்தார்: "பிரிஜித்தே, நீ நம்ம ஆளாக்கும். நமக்கு எப்ப வேணும்னாலும் செய்யலாம்." அந்த வாக்கியத்தில் நான்கு வீடு எழும்பிவிட்டது. நான்கின் கட்டிளையும் அவள் தட்டிப் பார்த்து அனுப்பியது.

நான்காவது வீடு காரக்கோணம் போகிற வழியில், கிருஷ்ணம்மாவுக்கு. முந்திரி ஆபீசில் வேலை பார்த்த பெண். சாவி கொடுக்கிற விழாவில் எடுத்த புகைப்படம் குழுவில் விழுந்தது. பரமசிவன் சாவியின் ஒரு முனையையும் கிருஷ்ணம்மா மறுமுனையையும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் விடவில்லை, படம் நன்றாக வர வேண்டுமே. நான்கு மாதம் கழித்து, ஐந்தாவது வீட்டுப் பட்டியல் குழுவில் வந்த அன்று, அபுதாபியில் இருக்கும் அகிலேஷ் அந்தப் படத்தை விரலால் விரித்துப் பார்த்தான். கிருஷ்ணம்மாவின் தலைக்கு மேலே சிவப்பு எழுத்து. பட்டியலின் முதல் வரியிலும் அதே பேர். இந்தப் பக்கத்தில் வாசலுக்கு மேலே ஒரு பேர் இருந்தால் அது வீட்டுக்காரன் பேர். வேறு விதமாய் யோசிக்க அவனுக்குத் தோன்றவில்லை. 'இது யார் வீடு?' என்று ஒரு வரி போட்டான். அந்த ஒரு வரி டைல்ஸ்காரன் வாயில் ஏறி, தீபுவின் ஆட்டோவில் வந்து இறங்கும்போது மூன்று வீடாகியிருந்தது.

லீவில் வந்த அகிலேஷ் நேரே விசாரணைக்கு வந்தான். காரில் முன்னால் அவனும் பரமசிவனும். பின்னால் பிரிஜித்தும் சாட்சிக்கு ஷிஜாவும்.

"சேச்சி தப்பா எடுக்கண்டாம்," என்றான் அகிலேஷ். "எல்லாம் டிரான்ஸ்பரன்சிக்காக்கும்."

"எடுக்கல்ல மக்கா. எனக்கெ மூணு வீட்டெ நானும் கண்டதில்லெ. நீ காருலெ கொண்டு காட்டுதே."

முதலில் ரயில்வே கேட்டுக்கு அப்புறம் உள்ளது. தென்னந்தோப்புக்கு நடுவே, ஷீட் போட்ட நீளமான கட்டடம். வாசலில், பழசுக்கடையில் மிஞ்சி விலைக்குப் போன அயினி மரக் கட்டிளை, அதன் தலைமாட்டில் 'பிரிஜித்'. அகிலேஷ் மொபைலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனவன், போன வேகத்திலேயே வெளியே வந்தான். ஷூவில் சாணம்.

"இங்ஙன ஆரு தாமசம்?" என்று காரிலிருந்தே கேட்டார் பரமசிவன்.

"ரெண்டு பசு சாரே," என்றாள் ஷிஜா. "ஒண்ணு கன்னுக்குட்டி. வாடகெ குடுக்குதாண்ணு கேக்கட்டா?"

தனுவச்சபுரத்தில் இருந்தது டிரஸ்ட் கட்டிய இரண்டாவது வீடு. கட்டிய டிரஸ்டின் செயலாளருக்கே அது அடையாளம் தெரியவில்லை. அகிலேஷ் கதவைத் தட்டப் போனபோதுதான் பரமசிவன் சுவரில் தன் பேர் பொறித்த கல்லைப் பார்த்து, "ஓ, இது நம்மளதாக்கும்," என்றார். கதவு பூட்டியிருந்தது. பிரிஜித் எழுதிய பேர் பாதி பெயின்டுக்குள் போயிருந்தது. அவர் பேர் மட்டும் பளிச்சென்று இருந்தது.

கிருஷ்ணம்மாவின் வீட்டுக்கு வந்தபோது வெயில் தணிந்திருந்தது. வாசலில் ஏறிய பரமசிவன் அப்படியே நின்றுவிட்டார். கட்டிளையில் 'பிரிஜித்' என்ற எழுத்துக்கு இரண்டு பக்கமும் குங்குமப் பொட்டு. மேலே ஆணி அடித்து ஒரு முழம் பிச்சிப்பூ. கீழே ஊதுவத்தி வைத்த புகைக்கறை.

"இது என்ன கிருஷ்ணம்மா?"

"உங்க ஆளுவதானே சாரே எழுதித் தந்தாவ? இது வேதக்காரங்க மதத்திலெ உள்ள ஒரு புண்ணியவதியாக்கும். செதலு வராம நோக்கும். அடுத்த வீட்டிலெ கதவு ஒக்க செதலு தின்னு போச்சு. இங்ஙன ஒரு பொடி இல்லெ. அதுக்கொண்டு நான் பெயின்டு அடிக்க விடல்ல."

ஷிஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள்.

"அந்தப் புண்ணியவதி நான்தான் அக்கா," என்றாள் பிரிஜித். "செதலு வராத்தது நான் கட்டிளெக்கெ காலிலெ கீலு, அந்தக் கறுத்த தாரு, பூசினதுக்கொண்டு. பூவெ எடுத்துத் தலெயிலெ வையுங்கோ."

கிருஷ்ணம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். ஆணிக் கீறல் நிறைந்த கைகளையும் சிமென்ட் தூள் படிந்த நைட்டியையும் பார்த்தாள். நம்பிக்கை வரவில்லை. "ஆராயிருந்தாலும் இருந்துட்டுப் போட்டு," என்று சொல்லிவிட்டு, பூவை அப்படியே விட்டுவிட்டாள்.

விசாரணை அதோடு முடிந்திருக்க வேண்டும். இரண்டு பசுவும் ஒரு முழம் பூவும் சாட்சி சொன்ன பிறகு வேறென்ன வேண்டும்? ஆனால் குற்றம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் இப்படிப்பட்டவர்களுக்குச் சங்கடம் அதிகமாகும். கடைக்குத் திரும்பி, அலுவலக அறையில் ஃபேனைப் போட்டு, அகிலேஷ் ஆரம்பித்தான்.

"சேச்சி கிளியர். அதிலெ டவுட்டே இல்லெ. பட்சே, ஆளுகள் பேசியாச்சு. டிரஸ்டுக்கெ பேரு கெட்டுப்போச்சு."

"எழுதினது எனக்கெ பேரு. கெட்டது உங்க பேரா?"

பரமசிவன் தொண்டையைச் செருமினார். "பிரிஜித்தே, நீ கோபப்படாதெ. கடெயிலெ சம்பளம் வாங்குத ஆளுக்கு வீடு குடுத்தா நாளெக்கு ஒரு கேள்வி வரும். அதுக்கொண்டு ஒரு வழி உண்டு. நீ வேலெயெ விட்டு ராஜிக் கடுதாசி குடுத்திரு. ஆறு மாசம் கழியட்டு. பின்னெ வெளியாளா ஒரு புது அப்ளிகேஷன் போடு. நாங்க நோக்குவோம்."

"நோக்குவீங்களா, தருவீங்களா?"

"நோக்குவோம்."

"அந்த ஆறு மாசம் வாடகெ ஆரு குடுப்பா? கோழிக்கடெக்காரன் நோக்குவேன்னு சொன்னா கேக்க மாட்டான் சாரே. உங்க வீட்டுக் கார் ஷெட்டிலெ நானும் மகளும் கெடக்கட்டா? கார வெளிய நிறுத்துவீரா?"

பரமசிவன் ஃபேனைப் பார்த்தார். ஒரு வேளை அது பதில் சொல்லும் என்று நினைத்திருக்கலாம்.

"இன்னொண்ணும் உண்டு," என்றான் அகிலேஷ், மொபைலைத் திருப்பிக் காட்டியபடி. "இண்ணு எடுத்த வீடியோ சூப்பராயிட்டு வந்திருக்கு. அந்தப் பூ, குங்குமம் எல்லாம். சேச்சி ஒரு ரெண்டு நிமிஷம், ஆறு வருஷத்துக்கெ கஷ்டத்தெ ஒக்க நெனச்சு, கொஞ்சம் ஃபீல் பண்ணிப் பேசினா, குரூப்பிலெ எல்லாரும்..."

"கரையணும். கண்ணீரு விடணும். அதானே?"

அவன் மொபைலைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

பிரிஜித் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆறு வருடத்தில் அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. "நான் ஒரு காரியம் சொல்லுதேன், எழுதிக்கோங்கோ. வீட்டுச் சாவி ஒரு கையிலெ தாங்கோ, ராஜிக் கடுதாசி மறு கையிலெ தாறேன். அதுக்கு முன்னெ வேலெயெ விட மாட்டேன். வெளியாளாவும் மாட்டேன். கரையவும் மாட்டேன். எனக்குக் கரைச்சலு வந்த நேரத்திலெ கடலு பார்த்துது. அதுவே எரங்கல்ல. அபுதாபி எரங்குமா?"

பரமசிவன் எழுதினார். எழுதுவது அவருக்குப் பிடித்த காரியம். "செரி. இதெ அப்படியே குரூப்பிலெ போடுதேன். வோட்டு எடுத்துட்டு நாளெ நாலு மணிக்கு நான் கூப்பிடுவேன். ஆமாண்ணா ஆமா. இல்லேண்ணா அடுத்த பேருக்குப் போவும். போனெ பக்கத்திலெ வச்சிரு."

மறுநாள் மத்தியானம் பிரிஜித் அரை நாள் லீவு கேட்டாள். எதற்கு என்று கேட்ட ஷிஜாவிடம், "எனக்கெ நாலாவது வீட்டெப் பாத்துட்டு வாறேன்," என்றாள். சிரிக்க ஆரம்பித்த ஷிஜா அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

கல்லூரி முடிந்து வந்த டெல்னாவையும் கூட்டிக்கொண்டு ஆரியங்கோட்டுக்குப் பஸ் ஏறினாள். ஐந்தாவது வீட்டுக்கென்று டிரஸ்ட் வாங்கிப் போட்டிருக்கிற மூன்று சென்ட் அங்கேதான். ரப்பர் தோட்டத்து ஓரம், சிவந்த சரிவு மண். ஆள் உயரத்துக்குப் புல். வீடு இல்லாவிட்டாலும் போர்டு இருந்தது. அதில் நன்கொடையாளர்கள் பதினாறு பேர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இதுவரைக்கும் அவள் இந்த இடத்தைப் பார்க்க வந்ததில்லை. பார்த்துவிட்டால் மனசு குடியேறிவிடும் என்று பயம். நேற்று அந்த அறையில் அவ்வளவு பேசிவிட்டு, இரவெல்லாம் பயம்தான். கோழிக்கூண்டில் சிறகடிக்கிற ஓசையைக் கேட்டுக்கொண்டே, கொஞ்சம் பதமாய்ப் பேசியிருக்கலாமோ, இரண்டு நிமிடம் அழுதிருந்தால் என்ன குறைந்துவிடும், மகளுக்காக அழக்கூடாதா என்று புரண்டு கிடந்தாள். விடியும்போது, குறையும் என்றுதான் தோன்றியது. என்ன குறையும் என்று சொல்லத் தெரியவில்லை.

"அம்மா, மணி நாலாவப் போவுது," என்றாள் டெல்னா. "இங்ஙன ரேஞ்ச் உண்டா?"

"உண்டு. ரெண்டு கோடு நிக்குது."

பிரிஜித் போனை மகள் கையில் கொடுத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பாதையோரக் கல்லில் குதிகாலை வைத்து அளக்க ஆரம்பித்தாள். ஒரு பாதத்தின் நுனியில் மறு பாதத்தின் குதியை ஒட்டி வைத்து, புல்லை மிதித்துச் சாய்த்தபடி. முன்னறைக்குப் பத்துப் பாதம். பத்தாவதில் ஒரு கல்லை நட்டாள். அங்கிருந்து அடுக்களை. ஒன்று, இரண்டு, மூன்று. அடுக்களை ஜன்னல் கிழக்கே திரும்பினால் ரப்பர் மரத்து இடைவெளியில் வெளிச்சம் வரும். நான்கு, ஐந்து.

டெல்னாவின் கையில் இருந்த போன் அடித்தது.

"பரமசிவன் சாராக்கும்!" அவள் குரல் கீச்சிட்டது. "அம்மா, எடு."

பிரிஜித் பாதத்தைத் தூக்கியபடி ஒற்றைக் காலில் நின்றாள். எடுத்தால் ஆமாம் இல்லை என்று ஒன்று வந்துவிடும். ஆமாம் என்றாலும் அது இருநூறு பேரின் கட்டைவிரலிலிருந்து வரும். எடுக்காத வரைக்கும் இந்த ஆறாவது பாதத்தை எங்கே வைப்பது என்று அவள்தான் சொல்ல வேண்டும்.

"அம்மா! நின்னுரும், எடு!"

"நில்லு மக்கா. ஆறு வருஷம் நான் நின்னேன். ஆறு தடவெ மணி அடிக்குத வரெ அவரு நிக்கட்டு." பாதத்தைத் தரையில் வைத்தாள். "ஆறு. இதுவரெ அடுக்களெ. ஒனக்குப் படிக்க மேசெ போட இந்தப் பக்கம் எவ்வளவு வேணும்? சொல்லு."

டெல்னா போனை நீட்டிய கையோடு புல்லுக்குள் ஓடி வந்தாள். அது அடித்துக்கொண்டே இருந்தது.